செம்பி கேட்டுக்கொண்டது

செம்பி என்ற தங்கமீனுக்குத் துடுப்பு நைந்துபோயிற்று. வீட்டுக்காரர் பதறிப்போய், தினமும் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றி மருந்து ஊற்றினார். ஒவ்வொரு முறையும் செம்பிக்குச் செவுள் எரிந்தது.

"இந்தத் தண்ணி பழகுறதுக்குள்ள அடுத்த தண்ணி வந்துடுது. முடியலக்கா," என்றது, தொட்டியில் கூட இருந்த நத்தையிடம்.

"பாசத்துல பண்றாரு. என்னத்தச் சொல்ல?" என்றது நத்தை.

பிறகு அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனார். அவர் மனைவி ஒரு சிட்டிகை இரை போட்டதோடு சரி. தண்ணீர் தானாகத் தெளிந்தது. செம்பியின் துடுப்பும் மெல்ல விரிந்தது.

திரும்பி வந்தவருக்கு ஒரே பூரிப்பு. "மருந்து கேட்டுடுச்சு பாரேன்!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாளியை எடுத்தார்.

செம்பி கண்ணாடியருகே ஓடிவந்து, "வேண்டாம், வேண்டாம்," என்று வாயைத் திறந்து திறந்து கெஞ்சியது.

"ஐயோ பாவம், பசிக்குது போல," என்று அவர் இரையையும் அள்ளிப் போட்டார்.