கை நிறைய வளையல்

இருளம்மாள் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வந்திருந்தாள். கூட வந்த பெண்களில் ஒருத்தி கையில் நாலு முழம் கனகாம்பரம், இன்னொருத்தி கையில் மஞ்சளும் குங்குமமும். மாரிசெல்வி வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

பிரீத்திகா கதவை மறித்து நின்றாள். அடுத்த வீட்டுக்காரி. அந்தத் தெருவில் காலேஜ் முடித்த முதல் பெண்.

"தள்ளு தாயி. கை நெறையப் போட்டுவிட்டாத்தான் ஒடைக்க முடியும்."

"மதினிக்கு இன்னும் தகவலே சொல்லல. அதுக்குள்ள வளையலோட வந்துட்டீகளா பெரியம்மா?"

"மத்தியானம் பொணம் வந்துரும்ல? தாலி அறுக்க நேரம் வேணாமா?"

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் புகை எழும்பியது. போர்மேன் கண்ணுச்சாமி பைக்கில் வந்து, தெருமுனையிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். மருந்து கலக்கும் அறை தரைமட்டம்.

விடிவதற்குள் மருந்து கலக்கப் போவது ஒரே ஆள்தான். மற்றவர்கள் வருமுன் வேலை முடிந்துவிடும். கருகியதில் அடையாளம் சொல்ல மிஞ்சியது ஊதாக் கட்டம் போட்ட சட்டைத் துணி மட்டும். மாரிசெல்வியின் புருசன் ஊர்க்காவலன் சட்டை.

அந்தச் சட்டை தெருவுக்கே தெரியும். அவன் பேச்சும் தெரியும். "சேலை கட்டுனவ திரி கிள்ளலாம், பெட்டி ஒட்டலாம். மருந்து ரூம் வாசலை மிதிக்க ஆம்பளையா இருக்கணும்லே" என்பான். பெட்டி ஒட்டும் ஆண்களை டீக்கடையில் கண்டால், "வாங்கக்கா, டீ சாப்பிட்டீகளா?" என்று கேட்டுச் சிரிப்பான்.

"விடியுமுன்ன வண்டியில போனான்" என்று இருளம்மாள் மூக்கைச் சிந்தினாள். "தலையில துண்டு. 'ஏலே ஊர்க்காவலா'ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலையே! எமன் கூப்பிட்டவன் எனக்கா திரும்புவான்?"

"மாரிசெல்வியும் ஒரு மாசமா வேலைக்கு வரல" என்றாள் பூ வைத்திருந்தவள். "பகல்ல கதவைத் தொறக்குறதே இல்ல. வயித்துல எதுவும் இருக்குமோ?"

"இருந்தாலும் பொறக்கும்போதே அப்பன் இல்ல."

உள்ளே யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு விம்முவது கேட்டது.

பிரீத்திகா கதவில் வாய் வைத்துச் சொன்னாள். "மதினி, தொறக்காதீக. உங்க கையை நீட்டச் சொல்ல இவுகளுக்கு உரிமை இல்ல. நான் இங்கனதான் நிக்கேன்."

"என்னடி பேசுற? புருசன் போனப்புறம் அவ கைக்கு வளையல் எதுக்கு?"

"பொண்டாட்டி போனா புருசனுக்கு எதை ஒடைப்பீக?"

"ஆம்பளைக்கு எதுக்குடி ஒடைக்கணும்? படிச்சுக் கிழிச்ச லட்சணம் இதுதானா?"

சாவு வீட்டு வாசல் என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது.

"அய்யோ, எந் தாயி!" என்று ஒப்பாரி கிளம்பியது. பிரீத்திகாவைத் தள்ளிக்கொண்டு பெண்கள் நெருக்கினார்கள். அரைக்கதவு திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை கதவு நிலையைப் பிடித்தது.

இருளம்மாள் அந்தக் கையை எட்டிப் பிடித்து, அழுதுகொண்டே வளையலை ஏற்றினாள். அது விரல் முட்டியைத் தாண்டவில்லை. அழுத்தினாள். வளையல் ஒடிந்து கீழே விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். மயிர் அடர்ந்த, தடித்த கை.

ஒப்பாரி பாதியில் நின்றது. கதவை முழுதாகத் தள்ளியது பிரீத்திகாதான். மீசையெல்லாம் கண்ணீரும் சளியுமாக, வெறும் பனியனோடு ஊர்க்காவலன் நின்றான்.

"ஏலே... மாரிசெல்வி எங்கலே?"

அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒரு மாசமா எனக்குப் பயமா இருக்கு பெரியம்மா... அவதான் என் சட்டையப் போட்டுட்டு மருந்து கலக்கப் போறா."