ஆம்பிளை உரு

"ஆம்பிளை உருவா, பொம்பளை உருவா, அண்ணாச்சி?"

கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கடைக்காரர் தங்கப்பழம் இரண்டு வெள்ளித் தகடுகளை எடுத்துப் பலகையில் போட்டார். விரல் நீளம் இருக்கும். ஒன்றில் வேட்டி கட்டிய ஆண். இன்னொன்றில் கொண்டை போட்ட பெண். சங்கரன்கோவிலில் கோயிலை ஒட்டிய கடைகளில் இதுதான் வியாபாரம். பாம்பு, தேள், கண், கால் என்று எல்லாமே தகட்டில் கிடைக்கும்.

குற்றாலிங்கம் இரண்டையும் பார்த்தார். அவர் பின்னால் நின்ற லட்சுமிப்ரியாவும் பார்த்தாள்.

"கூட வந்திருக்கது யாரு, மவனா மவளா?" தங்கப்பழம் கழுத்தை நீட்டினார். காதில் சின்னக் கம்மல், தோளைத் தொட்ட முடி, ஆனால் பேண்ட் சட்டை. "அதைச் சொன்னீங்கன்னா நானே எடுத்துக் குடுத்துருவேன்."

"வியாபாரத்தைப் பாரும் வே."

"நம்மூரு சாமியே இந்தப் பக்கம் சிவன், அந்தப் பக்கம் பெருமாளு. நான் கேட்டா மட்டும் கோவம் வருது."

"ஆம்பிளை உருவக் குடும்" என்றார் குற்றாலிங்கம்.

லட்சுமிப்ரியா தன் செருப்பைப் பார்த்தாள். தெரிந்த விஷயம்தான். காலையிலேயே அம்மா பிரம்மநாயகி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "ஒரு ஆம்பிளை உருவ வாங்கி அவன் தலையச் சுத்திப் போட்டுட்டு வாங்க. அப்பவாவது புத்தி திரும்புதான்னு பாப்போம்."

தங்கப்பழம் தகட்டைக் காகிதத்தில் மடித்தார். "யாருக்குச் சொகமில்லையோ அவங்க தலைய மூணு சுத்து சுத்தி உண்டியல்ல போடணும். ஆளை மாத்திராதீங்க. நேத்து ஒருத்தரு மாமியாருக்குன்னு வாங்கிட்டுப் போயி, பொண்டாட்டி தலையச் சுத்திப் போட்டுட்டு வந்து நிக்காரு."

இருவரும் சிரிக்கவில்லை.

கோயிலுக்குள் நடந்தார்கள். "எனக்கென்ன காய்ச்சலா, தலவலியா? எதுக்குப்பா இது?" என்றாள்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. ஹெலன் டீச்சர் குடுத்த லெட்டர் பையிலதான் இருக்கு. ஒரு கையெழுத்துதானே கேக்கேன்."

"சாமி கும்பிட்டுட்டுப் பேசுவோம்."

பதினொன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் அருண்குமார். ஹெலன் டீச்சர் தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி ஒரு அனுமதி வாங்கி வைத்திருந்தார். அப்பா கையெழுத்துப் போட்டால் சுடிதாரில் வரலாம். லட்சுமிப்ரியா என்றே கூப்பிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் பழையபடி பேண்ட் சட்டைதான். அதற்குப் பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டாம் என்று அவள் முடிவு செய்து ஒரு வாரமாகிறது. அந்த ஒரு வாரமும் வகுப்புத் தோழி முபஷ்ஷிரா தன் பக்கத்து இடத்தில் பையை வைத்து, யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆறு மாதமாக அவளைக் கூப்பிடுவதே இல்லை, அவ்வளவுதான். 'ஏலே' என்றால் அவள் திரும்ப மாட்டாள். பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி 'ஏட்டி' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. 'இந்தா' என்பார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது அதைவிட மோசம். அப்பாவோடு தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் இசக்கித்துரை சற்றுத் தள்ளி நின்ற அவளைக் கை காட்டி, "ஏலே குற்றாலிங்கம், அது ஒம் மவன்லா? என்னலே வேசம் இது?" என்று கத்தினான். நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"யாருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற புளியங்குடி பஸ்ஸில் ஏறிக்கொண்டார் குற்றாலிங்கம். அவருக்குப் புளியங்குடியில் ஒரு வேலையும் கிடையாது.

அதை இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. "அன்னிக்கு யாருன்னு தெரியலன்னீங்க. இன்னிக்கு மட்டும் தெரியுதாக்கும்?"

அவர் நின்றார். "கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டிருக்கும்னுதான் நெனச்சேன்." தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

உண்டியல் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒரு பெண் லட்சுமிப்ரியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் பிள்ளையை அந்தப் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. அவர்கள் முறை வந்தது. குற்றாலிங்கம் காகிதத்தைப் பிரித்தார்.

"இந்தா. கிட்ட வா."

போனாள். சுற்றிப் போடட்டும். ஒரு தகடு தலையைச் சுற்றினால் மண்டைக்குள் இருப்பது மாறிவிடப் போவதில்லை. இதற்குப் பதிலாக ஒரு கையெழுத்து கிடைத்தால் லாபம்தான். கண்களை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து காட்டினாள்.

தலைக்கு மேல் எதுவும் அசைந்த மாதிரி இல்லை. பொறுத்துப் பார்த்தாள். பின்னால் நின்றவர்தான் பேசினார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க? சொகமில்லாத ஆளு தலையல்லா சுத்தணும்?"

அவள் கண்ணைத் திறந்தாள். அப்பாவின் கை, அப்பாவின் தலையைத்தான் மூன்றாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி முடித்து, தகட்டை உண்டியலுக்குள் போட்டார்.

"எனக்குத்தான் சொகமில்ல" என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார் குற்றாலிங்கம்.

"பேனா வச்சிருக்கியாட்டி?"