நல்லா வந்த வீடியோ

விளக்கணைத்த நீதிமன்றத்தின் சுவரில், அரசு வக்கீல் ஓடவிட்ட வீடியோவில், தம்பி முழங்கிக்கொண்டிருக்கிறான். பின்னால் தொங்குவது அக்கா தைத்த பூப்போட்ட ஜன்னல் துணி. ரயில் நிலையத்துக்குக் குண்டோடு கிளம்பும்போதே பிடிபட்ட மாவீரன், "ரத்த ஆறு ஓடும்" என்று விரலை உயர்த்துகிற நேரம் பார்த்து, வீடியோவுக்குள்ளிருந்தே அக்காவின் குரல் கேட்கிறது: "டேய், சாப்பாடு ஆறுது, வா." "இதோ வந்துட்டேன்க்கா" என்று குழைகிறான் வீரன். யாரோ சிரிப்பை இருமலாக்கி விழுங்குகிறார்கள். கூண்டில் நிற்கும் தம்பி தன் வக்கீல் பக்கம் குனிகிறான். "சார், இது நான் வேணாம்னு அழிச்சது. நல்லா வந்தது ஒண்ணு இருக்கு, அதைப் போடச் சொல்லுங்க." முன்வரிசையில் இருக்கும் அக்காவுக்கு அது தெளிவாகவே கேட்கிறது. தினமும் வேலைக்குப் போக அவள் இறங்குவது அதே ரயில் நிலையத்தில்தான். அவனுக்காக இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டை மடியில் இருக்கிறது. எழுந்து, அதை நாற்காலியில் போட்டு, அதன்மேலேயே சாவகாசமாக உட்காருகிறாள்.