பேக்கரி வேண்டாம்

“பேக்கரி உங்களுக்குச் சரிப்பட்டு வராது. விட்டுடுங்க” என்றார் தொழில் ஆலோசகர்.

எதிரே இருந்தவர் முகம் வாடவே இல்லை. போன செவ்வாய் கண்ணாடிக் கடையையும் இப்படித்தான் விட்டார். அதற்கு முந்தின செவ்வாய் அச்சகம். எதையுமே முடிவு பண்ணத் தெரியாத மனிதர். ஆலோசகர் மனசுக்குள் அவருக்கு வைத்த பெயர் செவ்வாய்க்கிழமைக்காரர்.

பேக்கரி அவருக்குச் சரிப்பட்டுத்தான் வரும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் மனிதர் அடுத்த வாரம் வர மாட்டார். இந்த மாடிப்படி ஏறி வர வேறு ஆள் கிடையாது.

போன் அடித்தது. மகள்.

“சாப்பிட்டீங்களாப்பா? அந்த ஒத்த ஆளுக்காக ஆபீஸைக் கட்டிக்கிட்டு அழறீங்க. அவரும் ஒரு கடையைப் போட்டுட்டுப் போயிட்டா, அப்புறம் சுவரோடதான் பேசணும். காலி பண்ணிட்டு இங்க வாங்கப்பா.”

“பார்ட்டி உக்காந்திருக்காங்கம்மா. அப்புறம் பேசறேன்.” போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னார்.

செவ்வாய்க்கிழமைக்காரர், தன் நாற்காலி ஓரத்தில் பிதுங்கிக்கொண்டிருந்த பஞ்சை விரலால் உள்ளே தள்ளி, மேல்துணியை இழுத்துச் செருகினார்.

“இன்னொண்ணு இருக்கு சார். சிரிக்கக் கூடாது. பழைய சோபாவைப் பிரிச்சுப் புதுசா தைச்சுக் குடுக்கிற கடை.”

ஆலோசகர் எப்போதும் கேட்பதைக் கேட்டார். “வெளியில மழை. கடைக்கு ஈ காக்கா வரலை. பத்து வருஷம் கழிச்சும் மறுநாள் ஷட்டரைத் தூக்கத் தோணுமா?”

“தோணும் சார். ஒரு சோபாவைப் பிரிச்சா உள்ள சீப்பு இருக்கும், சாவி இருக்கும், பிள்ளைங்க ஒளிச்சு வச்ச மிட்டாய்த் தாள் இருக்கும். ஒரு குடும்பமே பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. சாயங்காலம் ஷட்டரை இறக்கத்தான் மனசு வராது.”

வேண்டாம் என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு மனுஷனின் பிழைப்பில் இத்தனை நாள் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று இருந்தது.

“இதுதான் உங்க தொழில்” என்றார். “ஆயுசுக்கும் சலிக்காது. நாளைக்கே கடையைப் போடுங்க. இனிமே நீங்க இங்க வர வேண்டியதில்லை.”

மகளிடம் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

எழுந்தவர் கதவு வரை போய்த் தயங்கி நின்றார்.

“அந்த சோபா கடையை நான் போட்டே ரொம்ப வருஷமாச்சு சார்... அடுத்த வாரம் வந்து என்ன தொழிலைப் பத்திக் கேக்கட்டும்?”