நகல் ஏட்டின் ஓட்டை

அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கிரேக்க வேதாகம ஏடு இருந்தது. அதன் நடுவில் ஓர் ஓட்டை. வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கட்டும் என்று, பாப்பிரஸ் நாணலில் கையால் செய்த அதன் நகலைப் பக்கத்து மேசையில் வைத்திருந்தார்கள். அதிலும் அதே ஓட்டை.

"உங்களுக்கு இது எப்படி வந்தது?" என்று நகல் கேட்டது.

"அங்கே ஆண்டவர் பெயர் இருந்தது. ஜெபிக்கிறவர்கள் தொட்டுத் தொட்டே தேய்த்துவிட்டார்கள். உனக்கு?"

"கத்தியால் வெட்டினார்கள்" என்று நகல் கூச்சத்தோடு சொன்னது.

ஒருநாள் பார்வையில்லாத எஸ்தர் வந்தாள். ஏட்டின் கதையை வழிகாட்டி சொல்லக் கேட்டாள். "பெயர் இங்கேதானே இருந்தது" என்று நகலின் ஓட்டையைத் தடவியபடியே ஜெபித்தாள். பிறகு வாராவாரம் வந்தாள். நாளடைவில் வெட்டிய ஓரம் நைந்து, ஓட்டை பெரிதானது. அதைப் பெருமையாகச் சொல்ல நகல் வாயெடுத்தது.

பழைய ஏடு முந்திக்கொண்டது. "அந்த விரல் சூடாக இருக்குமா? எனக்கு மறந்துபோயிற்று."