கீசருக்குப் பின்னால் குடியிருந்த பல்லி

ஒரு குளியலறையில் கேஸ் கீசர் ஒன்று இருந்ததாம். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்ததாம். ஒருநாள் கீசர் பற்றவே இல்லை.

"என்னைப் பத்தவைக்கிற பேட்டரிதான் தீர்ந்துபோச்சு. வீட்டுக்காரர் பேட்டரின்னு சொல்றப்ப மட்டும் கத்து. பல்லி சொன்னா நம்புவார். வேற எதுக்காவது வாயத் திறந்தே, என்னைக் கழட்டிருவார். உனக்கும் வீடு போயிடும்" என்றது கீசர்.

"திறப்பனாண்ணே" என்றது பல்லி.

வீட்டுக்காரர் வடமலை துண்டோடு வந்து நின்றார். "சிலிண்டர் காலியோ?"

பல்லி மூச்சுவிடவில்லை.

"தண்ணி வேகம் பத்தலையோ?"

அப்போதும் மூச்சுவிடவில்லை. பெருமைதான் தாங்கவில்லை.

"பேசாம கழட்டிட்டுப் புதுசே வாங்கிரலாமோ?"

"பாத்தியாண்ணே, நான் வாயே திறக்கலை" என்றது பல்லி.

வடமலை காதில் அது "இச் இச்" என்று விழுந்தது. "பல்லியே சொல்லிருச்சு" என்று ஸ்பேனர் எடுக்கப் போனார்.

"நல்லாத்தான் வாய மூடிக்கிட்டிருந்தே, தாயி" என்றது கீசர்.