நாலு மணி நேரந்தான்

மாகறலில் சாமியானாவின் ஓட்டை வழியாக வெயில் சாமுவேலின் சவப்பெட்டி மேல் விழுகிறது. பக்கத்தில் மகன் டேனியல் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசுகிறான். வீட்டை மீறிக் கல்யாணம் கட்டிக்கொண்டு போன தங்கை சுகிர்தா, மஸ்கட் விமான நிலையத்திலிருந்து அழுகிறாள். “பிளேன் ஏறப்போறேண்ணா. மெட்ராசுக்கு நாலு மணி நேரந்தான், அங்கேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரம். நைனா மொகத்த ஒருவாட்டி பாத்துடறேன். அதுவரிக்கும் எடுத்துடாதீங்க.” “வாம்மா. காத்துக்கினுதான் கீறோம்.” அவன் குரல் கனிவாக இருக்கிறது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போடுகிறான். “மூடுங்கடா,” என்கிறான். மூடியைத் தூக்குகிறார்கள். தாய் மார்த்தாள் ஓடிவந்து இரண்டு கைகளாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். டேனியல் குனிந்து, அவசரமே இல்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறான்.